ஜன்னலுக்குக் கீழே படர்ந்த கொடி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கன விட்ருங்க. அந்தக் கல்லுமேல காலை வச்சி வாங்க, கொடியை மிதிச்சிராதிய. மிதிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, அது எதுக்கும் சாகாது. இருந்தாலும் மிதிக்காதிய.

மருந்துக்கடை பரமசிவம் மத்தியானமே போன் போட்டுட்டான். ஆலங்குளத்துலேர்ந்து ஒருத்தர் வாராரு, இனிப்பிலைக் கொடி கேக்காரு, குடுத்து அனுப்புங்கன்னான். குடுக்கதுக்கு என்ன, இந்தா புறவாசல் பூராவும் அதுதான் கெடக்கு. வேணுங்கிற மட்டும் அறுத்துக்கிடுங்க. யாருக்கு, அம்மைக்கா?... வீட்டம்மாவுக்கா! என்ன வயசு ஆகுது?... முப்பத்தாறுதானா. இந்தக் காலத்துல சுகர் வயசு பாத்தா வருது. காப்பின்னா அவங்களுக்கு உசிரோ? பாத்தியளா, நான் நெனச்சேன். காப்பிப் பிரியம் உள்ள ஆளாப் பாத்துத்தான் அது வந்து உக்காரும்.

ஒரு இலையைக் கிள்ளி வாயில போடுங்க. சும்மா போடுங்க. மெல்லுங்க... இனிக்குதுலா? சீனியெல்லாம் கிட்ட நிக்க முடியாது. வயக்காட்டு வரப்புல பொடுதலைன்னு ஒண்ணு தரையோட தரையாக் கெடக்கும்லா, அந்த ஜாதிதான் இதுவும். பூவைப் பாருங்க, அதே மாதிரி வெள்ளையா, மூக்குத்தி கணக்கா. ஆனா பொடுதலையில இந்த இனிப்பு கெடையாது. இது கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு முழம் கொண்டுபோய் மண்ணுல கெடத்துனாப் போதும். மறு மாசம் தோட்டம் உங்களுக்கா அதுக்கான்னு சண்டை வரும்.

அடுப்பாங்கரைக்குள்ள வாங்க. அந்த ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கமாப் போட்டுக்கிடுங்க, அங்கதான் காத்து வரும். பாலு அடுப்புல இருக்கு. ஒரு காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும். இந்த இலை போட்ட காப்பிதான். வீட்ல அவங்களுக்குக் குடுக்கதுக்கு முன்ன நீங்க ஒரு வாய் குடிச்சிப் பாக்கண்டாமா? பாலு பொங்க நேரமாகும். அதுக்குள்ள இந்தக் கொடி வந்த கதையைச் சொல்லிருதேன். அதைக் கேக்காம யாருக்கும் நான் இதைக் குடுக்கதில்லை.

என் பேரு ஆவுடையப்பன். பஸ் கம்பெனியில செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தோரு வருசம், பாத்துக்கிடுங்க. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூரு, இந்த ரூட்டுல என்னைத் தெரியாத ஆளு கெடையாது. தெரிஞ்ச ஆளெல்லாம் என்னைக் கண்டா ஓடுவான், அது வேற. பஸ்ஸுல ஏறி ஒரு பார்வை பாத்தாப் போதும், எவன் டிக்கெட் எடுக்கலைன்னு சொல்லிருவேன். எப்படிங்கிய? டிக்கெட் எடுத்தவன் நம்ம மூஞ்சியைப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னல் வழியா வெளிய பாப்பான். வெளிய ஒண்ணும் இருக்காது, ஒரு பனைமரம் நிக்கும். அதை என்னமோ அன்னைக்குத்தான் புதுசாப் பாக்க மாதிரிப் பாத்துக்கிட்டு இருப்பான். தோளைத் தொட்டு, டிக்கெட்டை எடுங்கன்னா முடிஞ்சிபோச்சி. என்னை ஏமாத்துன பாசஞ்சர் ஒருத்தன் கெடையாது. இதை எதுக்குச் சொல்லுதேன்னு பெறவு தெரியும்.

என் வீட்டுக்காரி பேரு உலகம்மாள். நான் உலகுன்னு கூப்பிடுவேன். அவளுக்கு நகை ஆசை கெடையாது, சேலை ஆசை கெடையாது. காப்பி ஒண்ணுதான். காலையில ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. அந்த நாலு மணிக் காப்பி இருக்கே, அதுக்கு முன்னால நானெல்லாம் ஒரு ஆளே இல்லை. டம்ளர் நெறைய, நுரை தளும்ப, சீனி தூக்கலா. இந்தா நீங்க இருக்கிய பாருங்க, அதே ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மேக்க மலையைப் பாத்துக்கிட்டே குடிப்பா. குடிச்சி முடிக்க வரைக்கும் பேசமாட்டா. வாசல்ல யாரு வந்து நின்னாலும், இருங்க, காப்பி முடியட்டும்பா.

போன வருசத்துக்கு முந்துன வருசம் ஆனி மாசம் அவளுக்குச் சுகர்னு சொல்லிட்டாரு டாக்டர். சீனியைக் குறைங்கன்னாரு. அரை ஸ்பூனு எப்பவாவது சேத்துக்கிட்டாத் தப்பில்லைன்னும் சொன்னாரு. அவரு சொல்லுவாரு தம்பி. நான் பாதியில விடுற ஆளா? நிறுத்திட்டேன். வீட்டுக்கு வந்த கையோட சீனி டப்பா, வெல்லம், கருப்பட்டி, தேன் பாட்டிலு எல்லாத்தையும் ஒரு பையில கட்டி, பக்கத்து வீட்டு மைமூன் அக்காட்ட குடுத்துட்டேன். இவ கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்.

பெறவு தெனமும் செக்கிங்தான். அரிசி டிரம்முக்குள்ள கையை விட்டுப் பாப்பேன். மிளகாப்பொடி டப்பாவைத் தொறந்து பாப்பேன். அவ குளிக்கப் போற நேரமாப் பாத்து ஒரு ரவுண்டு. ஒரு நாள், பழைய பவுடர் டப்பாவுக்குள்ள ஒரு பிடி சீனி வச்சிருந்தா. பிடிச்சிட்டேன்! கையும் களவுமா. டப்பாவை அவ முன்னால கொண்டுபோய் வச்சி, 'என்னம்மா, டிக்கெட்டை எடுங்க'ன்னேன். சிரிச்சா. சிரிச்சான்னுதான் நெனைக்கேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நெனைக்காதிய. அவ மேல எனக்கு அம்புட்டுப் பிரியம். போயிரக் கூடாதேன்னு பயம். அதை வாயால சொல்லத் தெரியாது, டப்பா டப்பாவாத் தேடத்தான் தெரியும். சீனி இல்லாத காப்பியை அவ கசாயம் குடிக்க மாதிரி முழுங்குவா. அதைப் பாக்க மாட்டாம வாசலுக்கு எந்திரிச்சிப் போயிருவேன்.

அப்பத்தான் ஆடி மாசம், குத்தாலத்துல சாரல் நேரம், பூச்செடிக் கண்காட்சின்னு போட்டிருந்தாங்க. சும்மா பாக்கத்தான் போனேன். ஒரு ஓரமா ஒருத்தன் சின்னச் சின்னப் பையில நாத்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரு இலையைக் கிள்ளிக் குடுத்தான். வாயில போட்டேன். தம்பி, எனக்கு நின்ன இடத்துலயே கண்ணு கலங்கிட்டு. சீனி இல்லாத இனிப்பு! உலகுக்குன்னே சாமி இந்த மலைக்காத்துல கொண்டாந்து வச்ச மாதிரி இருந்திச்சி. திரும்பி வரும்போது நல்ல சாரல். குடையைச் செடிக்குப் பிடிச்சிக்கிட்டு நான் நனைஞ்சிக்கிட்டே வந்தேன். பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்டக்டர் பையன் என்கிட்ட வேலை பாத்தவன்தான். 'சார், பேரப்பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?'ன்னு கேலி பண்ணுனான்.

பம்ப்புப் பக்கமா நட்டேன். அந்தா அந்த மூலை. காலையும் சாயங்காலமும் நானே தண்ணி விடுவேன், களை எடுப்பேன், மாட்டெரு போடுவேன். எதுத்த வீட்டுக் கோழி ஒண்ணு வந்து கிண்டிட்டுன்னு அந்த வீட்டோட ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன்னாப் பாத்துக்கிடுங்க. நாலு மணி ஆனதும் ஏழெட்டு இலையைப் பறிச்சிட்டு வந்து, கசக்கி, கொதிக்க பாலுல போட்டு, டிக்காசன் ஊத்தி, வடிகட்டி, நுரை தளும்ப ஆத்தி, நானே கொண்டுபோய் உலகு கையில குடுப்பேன். கட்டி நாப்பது வருசத்துல நான் அடுப்புப் பக்கம் போனது அப்பத்தான்.

'இனிப்பு இருக்கா?'ன்னு கேப்பேன்.

'இருக்கு'ம்பா.

அவ்வளவுதான். மலையைப் பாத்துக்கிட்டே சொல்லுவா. எனக்கு மனசு நெறைஞ்சிரும். செடிக்குத் தண்ணி விடப் போயிருவேன். நான் திரும்பி வரும்போது டம்ளர் காலியா ஜன்னல் திண்டுல கவுத்தி வச்சிருக்கும். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. காலையிலயும் அப்படித்தான், சாயங்காலமும் அப்படித்தான். ஏழு மாசம்.

நான் குடிச்சேனாங்கிய? எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சுகர் கெடையாதே. நான் பஸ் ஸ்டாப்புக் கடையில சீனி தூக்கலா ஒண்ணு குடிச்சிட்டு வந்துருவேன். வீட்ல அவ முன்னால வச்சிக் குடிக்கக் கூடாதுலா. அவளுக்கு ஒரு மரியாதை குடுக்கணும்லா.

இப்ப ஒரு விசயம் சொல்லுதேன் கேளுங்க. நான் நட்டது பம்ப்புப் பக்கம். தண்ணியும் எருவும் அங்கனதான். ஆனா கொடி தழைச்சது எங்கங்கிய? இந்தா இந்த ஜன்னலுக்குக் கீழ. எட்டிப் பாருங்க. அங்கன நான் ஒரு செம்புத் தண்ணி விட்டதில்லை. அந்த இலை ஒவ்வொண்ணும் பம்ப்புப் பக்கத்து இலையை விட ரெண்டு பங்கு இருக்கும். மண்ணு நல்ல மண்ணு போலன்னு நெனச்சேன். வாரவன் போறவனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். 'உலகு, பாத்தியாட்டி, உன் ஜன்னலைத் தேடி வந்துட்டு'ன்னு சொன்னா, அதுக்கும் மலையைத்தான் பாப்பா.

செவுத்துல திண்டுக்குக் கீழ ஒரு கறை. பழுப்பா, நீளமா, ஒழுகுன மாதிரி. சாரல் தண்ணி இறங்குதுன்னு நெனச்சேன். தைப் பொங்கலுக்கு வெள்ளையடிச்சேன். ரெண்டு வாரத்துல மறுபடியும் வந்துட்டு. வெள்ளையடிச்சவனைக் கூப்பிட்டு, சுண்ணாம்புல தண்ணியைக் கலந்துட்டியான்னு வாங்கு வாங்குன்னு வாங்குனேன். பாவம் அவன்.

மாசி மாசம் அவளுக்கு மூச்சு முட்டுச்சி. ஆஸ்பத்திரியில சேத்தோம். நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னாங்க, கிட்னியும் போச்சின்னாங்க. எங்க மக செண்பகம் ராஜபாளையத்துலேர்ந்து வந்துட்டா. மூணாம் நாள் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவங்க என்ன கேட்டாலும் குடுங்கய்யா, இனிமே பத்தியம் ஒண்ணும் இல்லைன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். காதுல வாங்கிக்கிடலை.

மத்தியானத்துக்கு மேல உலகு கண்ணைத் தொறந்து, 'ஒரு வாய் காப்பி'ன்னா.

செண்பகம் எந்திரிச்சா. 'நான் கேண்டீன்ல வாங்கிட்டு வாரேன்பா'ன்னா. எனக்கு எங்கேர்ந்து அம்புட்டுக் கோவம் வந்திச்சோ. 'கேண்டீன் காப்பியில சீனி கெடக்கும்ட்டி! உங்கம்மையைக் கொல்லப் பாக்கியா?'ன்னு எல்லாரு முன்னாலயும் கத்திட்டேன். அவ என்னமோ சொல்ல வந்தா. 'எப்பா, அம்மைக்கு அந்த இலை...'ன்னு ஆரம்பிச்சா. நான் நிக்கலை. ஆட்டோ பிடிச்சி இங்க வந்து, இலையைப் பறிச்சி, இதே அடுப்புல காப்பியைப் போட்டு, பிளாஸ்க்குல ஊத்திக்கிட்டு ஓடுனேன். எட்டு இலை போடுத இடத்துல அன்னைக்குப் பதினஞ்சு இலை போட்டேன். நல்லா இனிக்கட்டும்னு.

தலையணையை நிமித்தி வச்சி, டம்ளரை அவ வாய்க்கிட்ட கொண்டுபோனேன். குடிக்கலை. தலையை இந்தப் பக்கம் திருப்புனா, அங்க செவுரு. அந்தப் பக்கம் திருப்புனா, அடுத்த கட்டிலு. எதையோ தேடுனா. எதைத் தேடுதான்னு எனக்கு அப்பத் தெரியலை. பெறவு என்னைப் பாத்தா. என் கண்ணைப் பாத்தா, தம்பி. ஏழு மாசத்துல காப்பி நேரத்துல அவ என்னைப் பாத்தது அன்னைக்குத்தான். முழு டம்ளரையும் குடிச்சா, கடைசிச் சொட்டு வரைக்கும். குடிக்க குடிக்க கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சிக்கிட்டே இருக்கு.

'இனிப்பு இருக்கா உலகு?'ன்னேன்.

'இருக்கு'ன்னா.

விளக்கு வைக்கதுக்குள்ள போயிட்டா. கடைசி வாய் என் கையால, நான் வளத்த கொடியோட காப்பி. அந்தக் கண்ணீரு திருப்தியில வந்ததுன்னு நெனச்சேன். துட்டி கேட்டு வந்தவங்ககிட்ட எல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பதினாறாம் நாள் படையல். அவளுக்குப் பிடிச்சதெல்லாம் இலையில வச்சி மாடிச் செவுத்துல வைக்கணும், காக்கா வந்து எடுக்கணும், பெறவுதான் நாங்க சாப்பிடணும். உங்க பக்கமும் அப்படித்தான? சோறு, வாழைக்காக் கூட்டு, உளுந்தவடை, எல்லாம் வச்சாச்சி. ஒரு டம்ளர் காப்பி வைக்கணும்லா. செண்பகம் சீனி டப்பாவை எடுத்தா. மைமூன் அக்கா குடுத்து விட்டிருக்கு. நான் தட்டிவிட்டேன்.

'உங்கம்மைக்குச் சுகருட்டி! சீனி ஆகாது. இலை போட்டுத்தான் வைக்கணும்'னேன்.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என் மச்சான் ஒருத்தன் சிரிச்சிட்டான், பெறவு வாயைப் பொத்திக்கிட்டான். நான் இலையைப் போட்டு, என் கையாலயே ஆத்திக் கொண்டுபோய் வச்சேன். காக்கா வந்திச்சி, தம்பி. வராம இல்லை. மூணு வந்திச்சி. சோத்துப் பக்கம் வந்து, டம்ளரை ஒருவாட்டிப் பாத்துட்டு, செவுத்துமேல தள்ளித் தள்ளி உக்காந்துக்கிட்டு. பன்னெண்டு ஆச்சி, ஒண்ணு ஆச்சி, ரெண்டும் ஆச்சி. வந்த சனம் பூராவும் பட்டினி. கா கான்னு தொண்டை கிழியக் கூப்பிடுதேன். ஒண்ணும் அசையலை.

செண்பகம் மாடிக்கு வந்தா. 'எப்பா, அந்தக் காப்பியை எடுத்திருங்க'ன்னா.

'ஏன்? ஆசையாக் குடிச்சவட்டி. ஏழு மாசம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சவ.'

அப்பத்தான் அவ ஓன்னு அழுதா. 'அம்மை ஒருநாளும் குடிக்கலைப்பா. ஜன்னல் வழியா ஊத்திருவா. தீவாளிக்கு வந்தப்ப நான் பாத்தேன். ஏம்மான்னு கேட்டதுக்கு, வாயில வைக்க முடியலட்டி, உங்கப்பாட்ட சொல்லிராத, பிள்ளையை வளக்க மாதிரி வளக்காகன்னா. காப்பியையே விட்டுட்டாப்பா அம்மை.'

படையலைப் பசுமாட்டுக்கு வச்சிட்டு எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் கீழ இறங்கிவந்து இந்தப் புறவாசல்ல நின்னேன். ஜன்னலைப் பாத்தேன், கறையைப் பாத்தேன், கறை முடியுத இடத்துல தழைச்சிக் கெடக்க கொடியைப் பாத்தேன். முப்பத்தோரு வருசம் செக்கிங் பாத்தவன், தம்பி. கேக்கும்போதெல்லாம் அவ வெளியத்தான் பாத்திருக்கா. எனக்குத் தெரியலை பாருங்க.

அதுலேர்ந்து ஒரு வருசம் ஆகுது. நாளைக்கு அவளுக்கு முதல் திதி.

ஆவி கீவின்னு பேசுத ஆளு நான் இல்லை. ஆனா நாலு மணிக்கு அந்தத் திண்டுல டம்ளரை வைக்க சத்தம் கேக்கு. எவர்சில்வர் டம்ளரைக் கல்லுமேல கவுத்துனா ணங்குன்னு ஒரு சத்தம் வருமே, அதுதான். வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. காப்பி மணம் மட்டும் இருக்கும். கீழ கொடியைத் தொட்டுப் பாத்தா இலை நனைஞ்சி கெடக்கும். சித்திரை வெயில்லயும் நனைஞ்சி கெடந்திச்சி. செண்பகத்துக்கிட்டச் சொன்னா, பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தமா இருக்கும்பாங்கா. கறையை மூணு வாட்டி வெள்ளையடிச்சி அழிச்சேன். இப்ப யாரு ஊத்துதா, நீங்களே சொல்லுங்க. மறுபடியும் வந்திருக்கு.

ஒருவாட்டி வெறி வந்து, ஜன்னலுக்குக் கீழ இருந்த கொடி பூராவையும் மம்பட்டியால கொத்திப் பிடுங்கிப் போட்டேன். ஆனிச் சாரல் ஒண்ணு விழுந்திச்சி. பத்தே நாள்தான். முன்ன இருந்ததை விட அடர்த்தியா வந்துட்டு. இப்ப செவுத்துல ஏறி, கம்பி வழியா உள்ளேயும் வருது. திரும்பிப் பாருங்க, உங்க தோளுக்குப் பக்கத்துல. பயப்படாதிய, அது ஒண்ணும் செய்யாது.

அமாவாசைக்கு அமாவாசை அதே இலைக் காப்பிதான் வைக்கேன். காக்கா எடுக்க மாட்டேங்கு. சீனி போட்டு வைங்கப்பா, ஒரே ஒரு வாட்டின்னு செண்பகம் போன்ல கெஞ்சுதா. பொட்டலம் வாங்கி அந்த மேத்தட்டுல வச்சி ஆறு மாசம் ஆச்சி. பிரிக்கலை. வீம்புன்னு அவ நெனைக்கா. வீம்பு இல்லை தம்பி. இப்ப ஒரு ஸ்பூன் சீனியைப் போட்டுட்டேன்னா, அன்னைக்கும் போட்டிருக்கலாம்னு ஆயிரும்லா? டாக்டரே சொன்னாரே, குடுங்கன்னு. அப்ப நான் என்ன செஞ்சேன்னு ஆகும்?

இந்தா, பாலு பொங்கிட்டு. இருங்க... ம். நுரையைப் பாத்தியளா. அவளுக்கு ஆத்துன கை. இந்தாங்க, சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க.

இனிப்பு இருக்கா?...

இருக்குங்கிய. நல்லது. இருங்க, அரிவாளை எடுத்துக்கிடுதேன், கொடியை அறுக்கணும்லா. இங்கனதான மாட்டி வச்சேன், எங்க போச்சி...

தம்பி.

வைங்க. டம்ளரை அங்கனயே வைங்க. பதறாதிய, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு முதுகுல கண்ணு கெடையாது. ஆனா இலைமேல காப்பி விழுத சத்தம் கேட்டுட்டு. இருக்குன்னு சொல்லும்போதே நீங்களும் வெளியத்தான் பாத்திய.

மன்னிப்பெல்லாம் எதுக்கு? எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. உள்ளதைச் சொல்லுங்க. அவ சொல்லலை, செண்பகமும் வாயில வைக்க முடியலைன்னுதான் சொன்னா, எப்படி இருக்கும்னு சொல்லலை. நானும் கேக்கலை. இந்த ஒரு வருசமும் ஒரு வாய் குடிச்சிப் பாக்கலை. பயம்தான். எப்படி இருந்திச்சி?... கற்பூரம் மாதிரியா? பச்சையா மெல்லும்போது இல்லையே... கொதிக்க பாலுல போட்டா வருதா.

அந்த டம்ளரை இங்க குடுங்க. அடியில ஒரு வாய் இருக்குலா. குடுங்க.

...

தொண்டையில இறங்கமாட்டேங்கு தம்பி. இனிப்பு இருக்கு. இனிப்புக்குப் பின்னாலயே கற்பூரம் வந்து அடைக்கு. சூடம் கொளுத்துன தட்டை நக்குன மாதிரில்லா இருக்கு. இதுல பதினஞ்சு இலை. எட்டு இல்லை, பதினஞ்சு. ஒரு வாய் காப்பின்னு கேட்டவளுக்கு இதையா குடுத்தேன்? முழு டம்ளரும் குடிச்சாளே. ஊத்துததுக்கு ஜன்னலைத் தேடித் தேடிப் பாத்துட்டு, இல்லைன்னதும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே குடிச்சிட்டாளே. இருக்குன்னு சொன்னாளே, பாவி மக.

இல்லை, ஒண்ணும் இல்லை. உக்காருங்க. சரியாப் போயிரும்.

அந்த மேத்தட்டுல பொட்டலம் தெரியுதா? அதை எடுங்க. நீங்களே பிரிங்க. மிச்சப் பாலு இருக்கு. இந்த டம்ளரைக் கழுவிக்கிடுதேன். ஒரு ஸ்பூனு போடுங்க. இன்னொண்ணு. இன்னும் ஒண்ணு போடுங்க, அவளுக்குத் தூக்கலா இருக்கணும். நாளைக்குச் செண்பகம் வந்து மாடியில வைக்கட்டும், காக்கா எடுத்தா எடுக்கு, எடுக்காட்டாப் போகு. இன்னைக்கு இங்கன, இந்தத் திண்டுல வைக்கேன். மணி நாலு ஆகப் போகுதுலா.

உலகு. குடிட்டி. இதுல இலை இல்லை.

சரி, நீங்க எந்திரிங்க தம்பி, பஸ்ஸு போயிரும். இந்தாங்க, கம்பி வழியா வந்ததுலேர்ந்து கையாலயே ரெண்டு முழம் பிச்சிருக்கேன், ஈரத்துணியில சுத்திக்கிடுங்க. வேண்டாம்னு தோணுச்சின்னா வழியில எங்கயாவது போட்டுருங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். நட்டியள்னா, உங்க வீட்டு அடுப்பாங்கரை ஜன்னலுக்குக் கீழ நடுங்க. இனிப்பு இருக்கான்னு அவங்ககிட்டக் கேக்காதிய, நீங்களே குடிச்சிப் பாருங்க. என்னைக்காவது அவங்களை ஆஸ்பத்திரியில சேக்கும்படியா ஆச்சின்னா, ஜன்னல் உள்ள கட்டிலாக் கேட்டு வாங்குங்க தம்பி.